மரக்காணத்தில் தொடங்கித் திண்டிவனத்தில் முடிந்த விருந்து

பதிவு கொஞ்சம் நீளம். டீச்சர் பாடம் எடுக்க ஆரம்பித்தால் மணி அடிப்பதுகூடக் காதில் விழாது என்று உங்களுக்குத் தெரியுமே. பொறுமையாகப் படியுங்கள்.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் தங்கை பேரன், போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டிருந்தான். ஏதோ ஓட்டலில் விருந்துச் சாப்பாடு. ஐந்து வகை உணவு ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. ஒவ்வொன்றுக்கும் பொருத்தமாக ஒரு பீர். அதுவும் பெரிய கம்பெனி பாட்டில் பீர் இல்லை, அங்கேயே சின்ன அளவில் காய்ச்சி வடித்த ‘கிராஃப்ட் பீர்’. பெங்களூரில் 2010 வாக்கிலிருந்தே இப்படிச் சொந்தமாக பீர் காய்ச்சும் உணவகங்கள் பெருகிவிட்டன. படத்தைப் பார்த்ததும் குழுவில் ஒரே களேபரம். ஒருவர் கோபப்பட்டார், ஒருவர் கிண்டல் செய்தார். பையனின் அம்மா, “இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம், நம்ம பக்கத்துல ஏது பெரியம்மா இந்தக் கூத்து?” என்று என்னைக் கேட்டாள். குழுவில் இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்த ஓட்டல்காரர்கள் செய்வது என்ன என்று பார்ப்போம். மீன் போன்ற மென்மையான உணவுக்குக் கோதுமையில் செய்த லேசான பீர். சுட்ட இறைச்சிக்கு, வறுத்த தானியத்தில் செய்த கறுப்பு பீர். கொழுப்பான பண்டம் நாக்கில் படிந்தால் பீரின் கசப்பும் நுரையும் அதைக் கழுவிவிடும், அடுத்த கவளம் மறுபடியும் முதல் கவளம் போல ருசிக்கும். இதுதான் கணக்கு. பானம் சாப்பாட்டுக்குத் துணையாக வர வேண்டும், அளவாக வர வேண்டும், உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட வேண்டும்.

இப்படி ஒரு விருந்து, வரிசை மாறாமல், நம்முடைய வானூர், மரக்காணம், திண்டிவனம் வட்டாரத்திலேயே நடந்ததாக ஒரு பழைய நூல் சொல்கிறது. சிறுபாணாற்றுப்படை. பத்துப்பாட்டில் ஒன்று. 269 அடிகள். ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முந்தையது. எழுதியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு இன்றும் அதே பெயரில் மரக்காணத்துக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. சென்னைக்குப் பேருந்தில் போகும்போது பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். அவர் பாடிய தலைவன் ஓய்மா நாட்டு நல்லியக்கோடன். ஓய்மா நாடு என்பது நம் திண்டிவனத்தைச் சுற்றிய நாடு. அதாவது நம் பக்கத்துக்காரர், நம் பக்கத்துத் தலைவனை, நம் பக்கத்துச் சாப்பாட்டைச் சொல்லிப் பாடிய பாட்டு. ஓலைச்சுவடியில் கிடந்த பத்துப்பாட்டை உ.வே.சாமிநாதையர் 1889-இல் நச்சினார்க்கினியர் உரையோடு அச்சில் கொண்டுவந்ததால்தான் நமக்கு இது கிடைத்தது.

ஆற்றுப்படை என்றால் என்ன? பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன், வழியில் பசியோடு வரும் இன்னொரு கலைஞனைப் பார்த்து, “இந்த வழியாகப் போ, இந்த ஊரில் இது கிடைக்கும், அந்த ஊரில் அது கிடைக்கும், கடைசியில் இன்னாரிடம் போ” என்று வழி சொல்வது. இன்றைய பேச்சில் சொன்னால் பயண வழிகாட்டியும் ஓட்டல் பட்டியலும் சேர்ந்தது.

அந்தப் பாணனின் வீட்டு நிலைமையை நூல் மறைக்காமல் சொல்கிறது. இடிந்த அடுக்களை. குட்டி போட்ட நாய், பசியில் தன் குட்டிகளுக்கே பால் கொடுக்க முடியாமல் குரைக்கிறது. வீட்டுக்காரி குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி வந்து வேகவைக்கிறாள். போட உப்பு இல்லை. அக்கம்பக்கத்தார் பார்த்தால் அவமானம் என்று வாசல் கதவைச் சாத்திவிட்டு, இருக்கிற சொந்தங்களோடு பகிர்ந்து சாப்பிடுகிறார்கள். உப்பு விளைகிற கடற்கரையை நோக்கி அந்தப் பாணனை அனுப்பி வைக்கிற பாட்டு, உப்பில்லாத கீரையை முன்னால் காட்டிவிட்டு அனுப்புகிறது. உப்பள ஊர்ப் பிள்ளைகளான உங்களுக்கு இது எப்படிச் சுடும் என்று எனக்குத் தெரியும்.

சரி, இப்போது விருந்துக்கு வருவோம்.

முதல் ஊர் எயிற்பட்டினம். இதை மரக்காணம் என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘பெரிப்ளூஸ்’ என்ற கடல் வழி நூல் இந்தக் கரையில் சோபட்மா என்று ஒரு துறைமுகத்தைச் சொல்கிறது. அதுவும் இதே ஊர்தான் என்பது பலர் கருத்து. தாழை, செருந்தி, கழிமுள்ளி, புன்னை எல்லாம் பூத்த கரை. தூங்கும் ஒட்டகம் போல மணமுள்ள பெரிய மரக்கட்டைகளை அலை கொண்டுவந்து போட்டிருக்கிறது. அதைத்தான் அங்கே விறகாக எரிக்கிறார்கள். அந்தத் தீயின் பக்கத்தில் ஒரு நுளையர் வீட்டுப் பெண் தேறலை வடிக்கிறாள். நாள்பட்டுப் பழுத்த, தெளிந்த கள்தான் தேறல். அதைப் பரதவர்கள் விருந்தாளிக்குக் கொடுக்கிறார்கள். கூடவே காய்ந்த குழல் மீனைச் சுட்டுத் தருகிறார்கள். சுட்ட கருவாடும் வடித்த கள்ளும். இது முதல் இலை.

இரண்டாவது ஊர் வேலூர். கோட்டை உள்ள வேலூர் என்று நினைத்துவிடாதீர்கள். நம் உப்புவேலூரைத்தான் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். மரக்காணத்தை விட்டு மேற்கே திரும்பினால் உப்புக் காற்று குறைந்து செம்மண் வருமே, அந்தப் பக்கம். பாட்டிலும் அப்படித்தான், கடல் நிலம் முடிந்து அவரைப் பூவும் காந்தளும் பூக்கும் முல்லை நிலம் வருகிறது. அங்கே எயினர் வீட்டுப் பெண்கள் புளி சேர்த்துச் சமைத்த சூடான சோற்றையும் காட்டுப் பசுவின் சுட்ட இறைச்சியையும் தருகிறார்கள். நம் வீட்டுப் புளிசோற்றுக்கு எத்தனை வயது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ஊர் ஆமூர். திண்டிவனம் பக்கத்து நல்லாமூர் என்கிறார்கள். வயலும் அகழியும் சூழ்ந்த மருத நிலம். உழவர் வீட்டுப் பெண், தன் பிள்ளைகளை அனுப்பி, வழியில் போகிற பாணனை மறித்துச் சாப்பிட அழைக்கிறாள். உலக்கையின் இரும்புப் பூண் தேயத் தேயக் குத்திய அரிசியில் வடித்த வெள்ளைச் சோறு, நண்டுக் கலவையோடு வருகிறது. ஒரு உலக்கைப் பூண் தேய எத்தனை வருடம் குத்த வேண்டும் என்று உங்கள் ஆயாக்களைக் கேளுங்கள். அந்த ஒரு சொல்லில் அந்த வீட்டுப் பெண்களின் உழைப்பு அத்தனையும் இருக்கிறது.

கடைசியாக, தலைவனின் ஊரான கிடங்கில். இன்று திண்டிவனத்தோடு சேர்ந்துவிட்ட கிடங்கல்தான் அது. புலவர், பொருநர், அந்தணர் யார் வந்தாலும் சாத்தாத வாசல். நல்லியக்கோடன் முதலில் நல்ல மெல்லிய வெள்ளை ஆடை கொடுக்கிறான். அடுத்து, சீறுகிற பாம்பு போல ஏறக்கூடிய கடுமையான தேறல் கொடுக்கிறான். பிறகு பலவகை உணவு. வீமன் எழுதியதாகச் சொல்லப்படும் சமையல் நூலின் முறை தவறாமல் சமைத்தவை. கோள்கள் சூழ்ந்த இளஞ்சூரியனைப் போலப் பளபளக்கும் பொற்கலத்தில் பரிமாறப்படுகின்றன. பரிமாறுவது யார்? வேலைக்காரர்கள் இல்லை. தலைவனே பக்கத்தில் நின்று, எது பிடிக்கிறது என்று பார்த்துப் பார்த்து ஊட்டுகிறான்.

மரக்காணத்திலிருந்து திண்டிவனம் சுமார் 35 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் கடல், காடு, வயல், அரண்மனை என்று நான்கு இலை. ஒவ்வொன்றிலும் அந்த மண்ணில் விளைந்தது மட்டும். பானம் முதல் இலையிலும் கடைசி இலையிலும் மட்டும் வருகிறது. எயினர் வீட்டிலும் உழவர் வீட்டிலும் சோறும் கறியும்தான். எங்கே எது பொருந்தும் என்று பாட்டே பார்த்துக் கொடுக்கிறது. என் தங்கை மகள் கேட்ட கேள்விக்கு முதல் பதில் இது.

“பெரியம்மா, அது கள். பீர் எங்கே?” என்று அடுத்த கேள்வி வரும். அதற்கும் பதில் இருக்கிறது. இதே பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படை என்று இன்னொன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் மேல். 500 அடிகள். நமக்கு வடக்கே உள்ள தொண்டை நாட்டு வழி. அதில் வலைஞர் குடியிருப்பு ஒன்று வருகிறது. அங்கே பானம் செய்யும் முறையைச் சமையல் குறிப்பு போலவே சொல்லியிருக்கிறார்.

குற்றாத அரிசியைக் களி போலக் குழையக் கிண்டுகிறார்கள். அகன்ற வாயுள்ள தட்டில் கொட்டி ஆற வைக்கிறார்கள். அதில் நெல்முளையைச் சேர்க்கிறார்கள். அந்த முளை அடை, புற்றுக்குள் இருக்கும் புற்றாஞ்சோறு போல இருக்கும் என்று உவமை. அப்புறம் உறுதியான வாயுள்ள சாடியில் இரண்டு பகல் இரண்டு இரவு விடுகிறார்கள். பச்சை வாடை போய் முதிர்ந்ததும் வெந்நீர் விட்டு விரலால் அலைத்துப் பிழிந்து வடிக்கிறார்கள். அதைச் சுட்ட மீனோடு கொடுக்கிறார்கள்.

அறிவியல் வகுப்பை ஒரு நிமிடம் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். முளைகட்டிய பயறு ஏன் லேசாக இனிக்கிறது? தானியம் முளைக்கும்போது அதற்குள் நொதிகள் உண்டாகி, மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் தின்று சாராயச் சத்தாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. ஐரோப்பாவில் பார்லியை முளைக்க வைத்து உலர்த்தி, அதற்கு ‘மால்ட்’ என்று பெயர் வைத்தார்கள். நம் வலைஞர் வீட்டில் நெல்லை முளைக்க வைத்தார்கள். வேலை ஒன்றுதான். கசப்புக்கும் கெடாமல் இருப்பதற்கும் அவர்கள் ஹாப்ஸ் என்ற பூவைப் போட்டார்கள், நம்மிடம் அது கிடையாது. ஆக, சாடியில் ஊறிய அது நெல் பீர்தான். நெல்லில் ஆக்கிய இப்படிப்பட்ட கள்ளுக்குத் தோப்பி என்று தனிப் பெயரே இருந்திருக்கிறது.

பனங்கள்ளுக்கு இந்த முளை வேலையெல்லாம் தேவையில்லை. பாளையிலிருந்து வரும் சாறே சர்க்கரை. காற்றில் உள்ள ஈஸ்ட் போதும், சில மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கிவிடும். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் புளிக்காது, அது பதநீர். தடவாவிட்டால் கள். ஒரே மரம், ஒரே கலயம், நடுவில் ஒரு விரல் சுண்ணாம்பு. கள்ளின் வீரியமும் சாதாரண பீரின் வீரியமும் ஏறக்குறைய ஒரே அளவு.

இந்தக் கரைக்கு வெளிநாட்டுச் சரக்கும் வந்தது. புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டுக்கு ஒரு முறை உங்களில் சிலரைச் சுற்றுலா அழைத்துப் போனேனே, நினைவிருக்கிறதா? 1945-இல் மார்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தபோது, அடி கூம்பிய மத்தியதரைக்கடல் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. திராட்சை மது, ஆலிவ் எண்ணெய், மீன் சாறு இவற்றைக் கப்பலில் கொண்டுவந்த சாடிகள். யவனர் கொண்டுவந்த மதுவைப் பொற்கிண்ணத்தில் ஏந்தித் தரப் பாண்டியன் அருந்தியதைப் புறநானூறும் சொல்கிறது. செல்வர் வீட்டில் யவன மது, நுளையர் வீட்டில் தேறல், வலைஞர் வீட்டில் நெல் பீர். அவரவர் கைக்கு எட்டியது அவரவருக்கு.

இவ்வளவு படித்ததும், “டீச்சர் குடிக்கச் சொல்கிறார்” என்று யாரும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்ப வேண்டாம். நான் ஒரு சொட்டும் குடித்ததில்லை, இனியும் மாட்டேன். இதே தமிழில்தான் திருவள்ளுவர் 93-ஆம் அதிகாரமாகக் கள்ளுண்ணாமையை வைத்துப் பத்துக் குறளில் வெளுத்து வாங்கியிருக்கிறார். பெரும்பாணாற்றுப்படையிலேயே அந்தணர் வீட்டு விருந்தில் நெல்லுச்சோறும், வெண்ணெயில் வெந்த மாதுளங்காயும், மிளகும் கறிவேப்பிலையும், மாவடுவும்தான். அங்கே கள் இல்லை. உண்டவர்களும் இருந்தார்கள், உண்ணாதவர்களும் இருந்தார்கள், கூடாது என்று சொன்னவர்களும் இருந்தார்கள். இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் வரலாறு.

எனக்கு இந்த நூல்களில் மனதில் நின்றது வேறு ஒன்று. பானம் எங்கேயும் தனியாக வருவதில்லை. கூடவே மீன் வருகிறது, சோறு வருகிறது. கொடுப்பவர் யார் என்று தெரிகிறது. வடித்தவள் யார் என்று தெரிகிறது. குடிப்பவன் ஒரு வீட்டின் விருந்தாளி. போதை தலைக்கு ஏறினால் தாங்கிப் பிடிக்க நான்கு பேர் பக்கத்தில் இருக்கிறார்கள்.

அப்புறம் என்ன ஆயிற்று? பானத்தையும் இலையையும் பிரித்துவிட்டார்கள். ஒரே நாளில் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக.

வெள்ளைக்காரன் ஆட்சியில் கள் வருமானப் பொருளானது. 1886-இல் சென்னை மாகாண ஆப்காரிச் சட்டம் வந்தது. மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம். ஏலம் எடுத்தவன் போட்ட பணத்தை எடுக்க வேண்டும், எனவே நிறைய விற்க வேண்டும். குடிப்பவன் விருந்தாளியிலிருந்து வாடிக்கையாளன் ஆனான். குடும்பங்கள் சீரழிந்தன. பெண்களின் கண்ணீர்தான் மதுவிலக்குப் போராட்டத்துக்குப் பலமானது. அந்தக் கோரிக்கை நியாயமானது. 1937 அக்டோபர் 1-ஆம் தேதி இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1948-இல் மாகாணம் முழுவதும் வந்தது. 1971-இல் கருணாநிதி ஆட்சியில் தளர்ந்தது, சில ஆண்டுகளில் மீண்டும் வந்தது. 1981-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கள், சாராயக் கடைகள் திறந்தன. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் தொடங்கியது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் தடை. 2003 நவம்பரிலிருந்து சில்லறைக் கடைகளையும் டாஸ்மாக்கே நடத்துகிறது. கணக்கைப் பாருங்கள்: பீருக்கு நிகரான வீரியமுள்ள கள்ளுக்குத் தடை, அதைவிடப் பல மடங்கு வீரியமுள்ள பிராந்தி, விஸ்கிக்குக் கடை.

நம் வானூர்க்காரர்களுக்கு இன்னொரு கதையும் உண்டு. நமக்கு அடுத்த ஊர் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர் காலத்திலும் சரி, 1954-க்குப் பிறகும் சரி, சென்னையின் மதுவிலக்கு அங்கே செல்லவில்லை. அங்கே கள்ளுக்கடை இன்றும் உண்டு. எங்கள் பெரியப்பா நல்ல உழைப்பாளி. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சந்தை நாளில் மட்டும் எல்லை தாண்டிப் போவார். கள்ளுக்கடையில் வறுத்த மீன் வாங்கி வைத்துக்கொண்டு, கூட்டாளிகளோடு உட்கார்ந்து ஒரு கலயம். பொழுது சாயப் பாட்டுப் பாடிக்கொண்டு வருவார். பெரியம்மா திட்டுவார், சோறும் போடுவார். பிற்காலத்தில் எல்லாம் பாக்கெட் சாராயமாகியது. வேலை முடிந்த கையோடு, நின்றபடியே, வெறும் வயிற்றில், ஒரே மடக்கில். பாட்டு நின்றது. சாப்பாடும் நின்றது. தட்டால் மூடி வைத்த சோற்றுக்கு முன்னால் பெரியம்மா விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. ஐம்பது வயதைத் தாண்டாமல் போய்ச் சேர்ந்தார். ஒரே மனிதர்தான். சாப்பாட்டோடு இருந்தவரைக்கும் அவர் எங்கள் வீட்டு மனிதர்.

2023 மே மாதம் நடந்ததை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. மரக்காணம் அருகே எக்கியர்குப்பம். மீனவக் குப்பம். விஷச்சாராயத்தில் விழுப்புரம் மாவட்டத்தில் 14 பேர், பக்கத்துச் செங்கல்பட்டு மாவட்டத்தில் 8 பேர் இறந்தார்கள். தொழிற்சாலைக்குப் போக வேண்டிய மெத்தனால் அது. உடம்புக்குள் போனதும் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் பார்வையைப் பறிக்கும், அப்புறம் உயிரை. அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள்.

எயிற்பட்டினத்து நுளையர் பெண் தேறல் வடித்த அதே கரை. விருந்தாளிக்கு மீன் சுட்டுக் கொடுத்த அதே பரதவர் வழி வந்தவர்கள். கையில் வந்த பாக்கெட்டை யார் காய்ச்சினார்கள், எதில் காய்ச்சினார்கள் என்று குடித்தவருக்குத் தெரியாது. பக்கத்தில் இலையும் இல்லை. அந்தச் செய்தியைப் படித்த நாளில்தான் நான் சிறுபாணாற்றுப்படையை மறுபடி எடுத்து, பரீட்சைக்காக இல்லாமல், முழுவதும் படித்தேன்.

கள்ளுக்கடையைத் திறக்க வேண்டுமா, எல்லாக் கடையையும் மூட வேண்டுமா என்ற சண்டையை இந்தப் பதிவின் கீழே தயவுசெய்து தொடங்காதீர்கள். கேரளத்தில் கள்ளுக்கடை என்றால் கப்பைக் கிழங்கும் மீன் குழம்பும் சேர்ந்ததுதான், குடிக்காதவர்களும் சாப்பிடவென்றே போகிறார்கள். யாழ்ப்பாணத்தில் பனை, தென்னைக் கூட்டுறவுச் சங்கங்கள் கள்ளை முறைப்படி விற்கின்றன. அங்கேயும் குடியால் கெட்ட குடும்பம் இல்லாமல் இல்லை. எது சரி என்று சட்டம் படித்தவர்களும் மருத்துவம் படித்தவர்களும், முக்கியமாக வீட்டுப் பெண்களும் உட்கார்ந்து பேசட்டும். வரலாற்று டீச்சராக நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: இந்தக் கரையில் பானம் இலையை விட்டு இறங்கியபோதெல்லாம் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்திருக்கிறது.

தங்கை பேரனுக்கு: கண்ணா, நீ வயது வந்த பிள்ளை. உன்னைத் திட்ட இதை எழுதவில்லை. அந்த ஓட்டல் பட்டியலை நானும் ரசித்துத்தான் படித்தேன். உட்கார்ந்து, சாப்பாட்டோடு, அளவோடு என்ற ஒழுங்கு அதில் இருக்கிறது. ஆனால் அது வெளியூரிலிருந்து வந்த புதுமை என்று மட்டும் நினைத்துவிடாதே. வண்டியை நீ ஓட்டாதே. அவ்வளவுதான்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் வெளியூரில் இருக்கிறீர்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பாணன் போன வழியில் ஒரு நாள் போய் வாருங்கள். காலையில் மரக்காணம். உப்பளத்தையும், சோழர் கல்வெட்டுகள் உள்ள பூமீஸ்வரர் கோயிலையும் பாருங்கள். வழியில் கழுவெளி ஏரி, பருவத்தில் போனால் பறவைகள் இருக்கும். அங்கிருந்து உப்புவேலூர், நல்லாமூர், கிடங்கல். மதியத்துக்குச் சுட்ட கருவாடு, புளிசோறு, நண்டுக் குழம்பு, வெள்ளைச் சோறு கட்டிக்கொண்டு போங்கள். குடிக்கப் பதநீர் கிடைத்தால் பதநீர், இல்லாவிட்டால் மோர்.

இன்னொன்றும் செய்யுங்கள். உங்கள் வீட்டு ஆயா, அத்தை, பெரியம்மா கருவாட்டுக்கு எதைத் தொட்டுக்கொள்வார்கள், நண்டோடு எந்தக் காயைச் சேர்ப்பார்கள், உப்பளத்து வேலைக்குப் போகும்போது தூக்கில் என்ன கொண்டுபோவார்கள் என்று கேட்டு, கீழே எழுதுங்கள். கூடவே ஊர்ப் பெயரையும் போடுங்கள். நத்தத்தனார் நான்கு ஊர்தான் எழுதி வைத்தார். மீதி ஊர்களை நாம் எழுதுவோம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்